தேய்மானத்தின் விலை

கோலார் தங்கவயலில் ஓர் இளைஞர் மின்கிதார் வாங்க நினைத்தால், அதிலும் ஐம்பதுகளின் சாயல் கொண்ட கிதார் ஒன்றில் மனம் வைத்தால், இரண்டு திசைகளிலிருந்து அவருக்கு உபதேசம் வந்து சேர்கிறது. முதலாவது கருவிச் சேகரிப்பாளர்களுடையது: 1950களிலும் 1960களின் முற்பாதியிலும் அமெரிக்காவில் செய்யப்பட்டவையே கிதார்கள், அவற்றின் உருவத்தில் இன்று இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்யப்படுபவை வேடங்கள், அசலை வாங்க வக்கில்லாதவர் அசலின் தோற்றத்துக்கு ஆசைப்படக் கூடாது. இரண்டாவது பண்பாட்டு அரசியல் பேசுவோருடையது: சுரங்கத் தொழிலாளியின் பேரனுக்கு வெள்ளையரின் ஐம்பதுகள் மீது எதற்கு ஏக்கம், அவன் கையில் இருக்க வேண்டியது பறை அல்லவா? முன்னது பணத்தின் குரல்; பின்னது பரிவின் குரல். ஆயினும் இரண்டும் கேட்கும் கேள்வி ஒன்றே. கருவி எப்படி ஒலிக்கிறது என்று இரண்டுமே கேட்பதில்லை. அது எங்கே, எப்போது, யாருக்காகப் பிறந்தது என்று கேட்கின்றன. பிறப்பைக் கேட்டுத் தகுதியை முடிவுசெய்யும் இந்தப் பழக்கத்தைத் தங்கவயல் மக்களுக்கு எவரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

‘விண்டேஜ்’ என்னும் சொல் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தது. எந்த ஆண்டின் அறுவடையில் பிழிந்த மது என்பதைக் குறிப்பதற்கான சொல் அது. மதுவுக்கு ஆண்டு முக்கியம். மழையும் வெயிலும் ஆண்டுதோறும் மாறுகின்றன. தொழிற்சாலையில் ரம்பத்தால் அறுத்து, வார்ப்பு வைத்துத் துளையிட்டு, வண்ணம் தெளித்து அனுப்பிய பலகைக்கு ஆண்டு ஏன் அத்தனை முக்கியமாயிற்று? விடை அந்தக் கிதார்களின் வரலாற்றில்தான் இருக்கிறது. அந்த வரலாறு சேகரிப்பாளர்களுக்கு உகந்ததாக இல்லை.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. 1950இல் அவரது பட்டறையிலிருந்து வெளிவந்து, 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிதார், அதுவரை கிதார் என்று கருதப்பட்ட பொருளின் கௌரவத்தை எல்லாம் துறந்துவிட்டிருந்தது. வளைத்து ஒட்டிய குடமில்லை, தட்டையான பலகை. கழுத்தைப் பசையால் இணைக்கும் தச்சு நுட்பமில்லை, நான்கு திருகாணிகள். கழுத்து தேய்ந்தால் கழற்றி வீசிவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். நடன அரங்குகளில் இரவுக்கிரவு வாசித்துப் பிழைக்கும் தொழிலாளிக் கலைஞர்களுக்காக, பழுதுபார்ப்பவர் ஒருவர் எளிதில் பழுதுபார்க்கும்படி செய்த கருவி அது. 1954இன் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அதே மரபுதான். பரம்பரைச் சொத்தாக எவரும் அதைத் திட்டமிடவில்லை. அதன் இடம் ஸ்பானருக்கும் திருப்புளிக்கும் பக்கத்தில்.

1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. தரம் சரிந்தது என்ற பேச்சு பரவிய பிறகுதான் ‘அதற்கு முந்தையவை’ புனிதம் பெறத் தொடங்கின. அப்போதும் உடனே விலை ஏறிவிடவில்லை. 1970இல் நாஷ்வில்லில் ஒரு கடையில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் மலிவாகக் கிடந்தன. எரிக் கிளாப்டன் அவற்றில் பலவற்றை வாங்கிச் சிலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீந்த மூன்றின் நல்ல உறுப்புகளைக் கூட்டி ஒரு கிதார் செய்துகொண்டார். ‘பிளாக்கி’ என்று பெயர் பெற்ற அந்தக் கிதார் 2004இல் 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. உலகம் அசலின் உச்சமாகக் கொண்டாடிய கருவியே மூன்று கிதார்களின் கலப்பு. அதைச் செய்தவர் அதன் தூய்மையைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. நன்றாக ஒலிக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இந்தக் கதையைச் சேகரிப்பாளர்கள் மிக விருப்பத்தோடு சொல்கிறார்கள். அது தங்கள் கொள்கையையே கவிழ்க்கிறது என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை.

ஃபுல்லர்ட்டன் ஆலையில் மெக்சிக வம்சாவளித் தொழிலாளர்கள் பலர் இருந்தார்கள். பிக்கப் எனப்படும் காந்தச் சுருள்களில் மயிரிழைச் செம்புக் கம்பியைச் சுற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1956இல் வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபாரா அவர்களில் ஒருவர். கழுத்துகளை இழைத்து வடிவாக்கியவர்களில் ஒருவர் ததேயோ கோமஸ். வேலை முடிந்த கழுத்தின் அடிப்பகுதியில் தம் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் பென்சிலால் குறித்துவைப்பார். இன்று சேகரிப்பாளர்கள் திருகாணிகளைக் கழற்றிக் கழுத்தைத் தூக்கிப் பார்ப்பது அந்த இரண்டு எழுத்துகளுக்காகத்தான். எழுத்து இருந்தால் விலை கூடுகிறது. கூடிய விலையில் எழுதிய கைக்கு ஒரு சதமும் இல்லை.

தொழிலாளியின் கைத்தடத்துக்குத் தங்கவயலில் வேறொரு வரலாறு இருக்கிறது. சுரங்க நிர்வாகம் தொழிலாளர்களின் விரல்ரேகைகளைப் பதிவுசெய்ய முனைந்தபோது, 1930இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குற்றவாளியைப் போலத் தங்களை அடையாளமிடுவதை அவர்கள் ஏற்கவில்லை. தொழிலாளியின் தடம் நிர்வாகத்தின் ஏட்டில் கண்காணிப்பாகிறது, சேகரிப்பாளரின் பெட்டகத்தில் அலங்காரமாகிறது. இரண்டு இடத்திலும் அது தொழிலாளிக்குச் சொந்தமாக இருப்பதில்லை. ‘அசல் ஐம்பதுகள்’ மீது பக்தி கொண்டவர்கள் உண்மையில் வழிபடுவது கூலி உழைப்பின் தடயத்தை. அதை உழைப்பு என்று அழைக்க மனமில்லாமல் ‘ஆன்மா’ என்று அழைக்கிறார்கள்.

இதன் அடுத்த படி இன்னும் வெளிப்படையானது. 1995 முதல் ஃபெண்டரின் தனிப்பட்டறை ‘ரெலிக்’ என்ற பெயரில் புதிய கிதார்களை விற்கத் தொடங்கியது. புதிய பலகையில் வண்ணத்தைச் சுரண்டி, முழங்கை படும் இடத்தில் மரம் தெரிய இழைத்து, இடைவாரின் கொக்கி கீறியது போலப் பின்புறத்தைக் கீறி, உலோகத்தை அமிலத்தால் மங்கவைத்து, கீறாத கிதாரைவிடக் கூடுதல் விலைக்கு விற்பதுதான் அது. இன்று நடுத்தர விலைக் கிதார்களிலும் அந்தத் தேய்மானம் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டு வருகிறது. நாற்பது ஆண்டு வாசித்த உடம்பின் தடயம், ஒரு நாள்கூட வாசிக்காமல் கிடைக்கிறது.

தேய்மானம் என்ற சொல்லுக்குத் தங்கவயலில் அழகியல் பொருள் இருந்ததில்லை. பாறையில் துளையிட எழும் சிலிக்காத் தூசு நுரையீரலைத் தின்றது. 1940க்கும் 1946க்கும் இடையில் 7,653 சுரங்கத் தொழிலாளர்களைச் சோதித்ததில் 43.7 சதவீதத்தினருக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. தொழில்சார் மருத்துவப் பாடநூல்களில் இன்றும் எடுத்தாளப்படும் எண்ணிக்கை அது. அந்த ஊரில் வளர்ந்த ஒருவரிடம், பொய்யாகத் தேய்த்த பலகைக்கு அதிக விலை கொடு, அதில்தான் வாழ்க்கையின் தடம் இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அல்லது அறியாமை வேண்டும். குறைந்த செலவில் பழைய பாணிக் கிதார் தேடுபவருக்குச் சொல்ல வேண்டிய முதல் உறுதியான ஆலோசனை இதுதான்: செயற்கைத் தேய்மானத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அது ஒலியில் எதையும் கூட்டுவதில்லை.

பழைய கிதார்களின் வண்ணப்பூச்சைப் பற்றிய பெருமிதமும் இதே வகை. நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு மரத்தை ‘மூச்சுவிட’ அனுமதிக்கிறது என்பது அவர்களின் மந்திரம். அந்தக் காலத்தில் கார்களுக்கு அடித்த வண்ணம் அது. விரைவில் காய்ந்தது, ஆலைக்கு வசதியாக இருந்தது. அதே நைட்ரோசெல்லுலோஸை நைட்ரோகிளிசரினில் கரைத்துத்தான் ஆல்ஃபிரட் நோபல் 1875இல் வெடிக்கூழ் செய்தார். பாறை பிளக்கும் சுரங்கங்களின் வெடிபொருள் வரலாறு அங்கிருந்து கிளைக்கிறது. பாறையைப் பிளந்த சரக்குக்கு ஆன்மா உண்டென்று எவரும் சொன்னதில்லை.

தங்கவயலுக்கென்றே அமைந்தாற்போல் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கிப்சன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட லெஸ் பால் கிதாரின் பொன்னிற முகப்பை உலகம் ‘கோல்டு டாப்’ என்று போற்றுகிறது. அந்த வண்ணத்தில் பொன் இல்லை. அரக்கில் கலந்த வெண்கலத் தூள். அதனால்தான் வியர்வை பட்ட இடங்களில் காலப்போக்கில் பச்சை பூக்கிறது. செம்பு தன் குணத்தைக் காட்டுகிறது. ஏறத்தாழ 800 டன் பொன்னை மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான குழிகளிலிருந்து மேலே அனுப்பிவிட்டுச் சயனைடு மண்மேடுகளை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் ஊரில், வெண்கலத் தூளைப் பொன் என்று விற்பனை செய்ய வருபவர் சற்றுக் கவனமாகப் பேச வேண்டும்.

மரத்தைப் பற்றிய மேட்டிமைதான் எல்லாவற்றையும்விடப் படிப்பினை மிக்கது. இன்றைய மலிவு விலைப் பழைய பாணிக் கிதார்களில் பரவலாக வாங்கப்படுவது ஃபெண்டரின் துணைப்பெயரான ஸ்குவயரின் ‘கிளாசிக் வைப்’ வரிசை. 2019க்குப் பிறகு இந்தோனேசியாவில் செய்யப்படும் இக்கிதார்களில் பலவற்றின் விரல்பலகை ‘இந்தியன் லாரல்’ என்ற மரம். தமிழில் கருமருது, கன்னடத்தில் மத்தி. வீட்டு உத்தரத்துக்கும் வண்டிச் சட்டத்துக்கும் தென்னிந்தியா நெடுங்காலம் நம்பிய மரம். சேகரிப்பாளர்களோ இதை ‘ஈட்டி மரத்தின் ஏழைப் பதிலி’ என்கிறார்கள். அந்த ஈட்டி மரத்தின் கதை என்ன? ஃபெண்டர் கழுத்துகளில் ஈட்டி வகைப் பலகை பரவலானது 1959இல். அது பிரேசில் நாட்டு மரம். பிரேசில் மரம் அரிதான பின்னர் 1960களில் கிதார் நிறுவனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிக்கு, தோதகத்தி என்றும் பெயருள்ள மரத்துக்கு, மாறின. மார்ட்டின் நிறுவனம் மாறியது 1969இல். அன்று இந்திய ஈட்டிதான் பதிலி. பிரேசில் மரத்துக்கு ஈடாகாது என்று அதையும் இகழ்ந்தார்கள். 2017இல் ஈட்டிப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது நிறுவனங்கள் வேறு மரம் தேடின. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. இதற்குள் இந்திய ஈட்டி ‘அசல்’ ஆகிவிட்டது, கருமருது ‘பதிலி’ ஆகிவிட்டது. மேல் கீழ் என்ற வரிசை எப்படிச் செய்யப்படுகிறது, செய்தபின் எப்படி இயற்கையாகத் தோன்றுகிறது என்பதை ஆராய விரும்பும் மாணவர் சாதி இலக்கியத்தை மட்டுமன்றிக் கிதார் விலைப்பட்டியலையும் படிக்கலாம்.

பழைய கிதார்களில் அற்புதமாக ஒலிப்பவை இருக்கின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. கையால் வழிநடத்திச் சுற்றிய சுருள்கள் ஒன்றுபோல் மற்றொன்று இருக்கவில்லை. சில அருமையாக அமைந்தன. ஆனால் அதே காரணத்தால் சில மோசமாகவும் அமைந்தன. மோசமானவற்றை எழுபது ஆண்டுகளில் எவரோ பிரித்துப்போட்டார்கள், எரித்தார்கள், பரணில் வீசினார்கள். நல்லவை கைமாறிக் கைமாறிப் பிழைத்தன. பிழைத்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தன என்பது முதியோர் இல்லத்தில் நூறு வயதுக்காரரைக் கண்டுவிட்டு அந்தக் காலத்தில் எவரும் இளமையில் சாகவில்லை என்பதற்குச் சமம். ஆய்வு முறையியல் வகுப்பில் முதல் மாதத்திலேயே கற்பிக்கப்படும் பிழை இது. கற்பிப்பவர்களே இசையைப் பற்றிப் பேசும்போது இதைச் செய்கிறார்கள்.

இரண்டாவது உபதேசத்துக்கு வருவோரிடம் மரியாதையோடுதான் பேச வேண்டும். அவர்களின் கவலை பொய்யல்ல. தங்கவயலுக்கு ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் உண்டு. 1880இல் வந்த ஜான் டெய்லர் நிறுவனத்தோடு பங்களாக்கள், கிளப், கோல்ஃப் திடல், நடன இரவுகள் எல்லாம் வந்தன. பாறைக்குள் இறங்கியவர்களோ வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் வந்த தமிழர்கள், தெலுங்கர்கள். மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோர். அவர்கள் வாழ்ந்தது ‘லைன்’ எனப்படும் வரிசைக் குடிசைகளில். இன்று சுற்றுலா மலர்களில் மீட்டெடுக்கப்படும் பழமை பங்களாவுடையது, லைனுடையது அல்ல. ஐம்பதுகளின் கிதாரும் அந்தப் பங்களா ஏக்கத்தின் நீட்சிதானே என்ற சந்தேகம் எழுவது இயல்பு.

ஆனால் சந்தேகம் தவறான ஆள்மீது விழுகிறது. டெலிகாஸ்டர் பங்களாவுக்குச் செய்யப்பட்ட கருவி அல்ல என்பது மேலே பார்த்ததுதான். இன்னும் முக்கியமாக, தாழ்த்தப்பட்டோரின் கைக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று வெளியிலிருந்து தீர்ப்பளிக்கும் உரிமையை இந்த ஊர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நிராகரித்துவிட்டது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளை விட்டது. அவர் 1914இல் மறைந்த பின்னர், 1920களில் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. அச்சு இயந்திரமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். அன்று எவரேனும் அவர்களிடம் சென்று, உங்கள் மரபுக்குரியது வாய்மொழி, அச்செழுத்து உங்களுக்கு எதற்கு என்று கேட்டிருந்தால் அந்தக் கேள்வியை என்ன பெயரிட்டு அழைத்திருப்பார்கள் என்பதை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பறையைப் பரிந்துரைப்பதிலும் ஒரு நுண்ணிய வன்முறை இருக்கிறது. பறை விடுதலைக் கருவியாவது அதை ஒருவர் தேர்ந்தெடுக்கும்போது. பிறப்பின் பேரால் கையில் திணிக்கும்போது அது பழைய ஊழியத்தின் மறுபதிப்பு. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பறையும் கானாவும் மின்கிதாரும் ஒரே மேடையில் நின்றன. கிதார் அங்கே விருந்தாளியாக இல்லை. அதற்கும் முன்பே, கோடம்பாக்கத்தின் இசைக்குழுக்களில் மின்கிதார் குடியேறி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற இளையராஜா கிதார்க் கலைஞராகவும் இருந்தவர்; அவர் இசையில் வளர்ந்த தலைமுறைக்கு அந்த ஒலி தாலாட்டைப் போலப் பரிச்சயம். இதை ‘அந்நியம்’ என்பவர்கள் முதலில் ஹார்மோனியத்தையும் வயலினையும் வெளியேற்றட்டும்.

ஆகவே கேள்வி மீண்டும் கருவிக்கே திரும்ப வேண்டும். 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டதிலிருந்து தங்கவயலின் உழைப்பு ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறது. அந்த ஊதியத்திலிருந்து மாதத் தவணையில் கட்டப்படும் பணம் இது. பிறந்த தேதிக்கும் பொய்த் தழும்புக்கும் செலவிடுவதற்கு அதில் இடமில்லை. எங்கே செலவிடலாம் என்பதைச் சொல்லாமல் எங்கே செலவிடக் கூடாது என்று மட்டும் சொல்லும் விமர்சனமும் ஒருவகைச் சொகுசுதான்.

முதலில் பார்க்க வேண்டியது விரல்பலகையின் குறுக்கு வளைவு. ஐம்பதுகளின் ஃபெண்டர் கழுத்துகளில் அது ஏழேகால் அங்குல ஆரம் கொண்ட, நன்கு வளைந்த பலகை. சுரக்கூட்டுகளைப் பிடிக்க இதமானது. ஆனால் தந்திகளைத் தாழ வைத்துக்கொண்டு மேல் இடங்களில் தந்தியை இழுத்து வளைத்தால், வளைவின் முகட்டில் தந்தி இடித்து ஒலி அறுந்துவிடும். தமிழ்ப் பாட்டு வாசிப்பவர் தந்தியை இழுக்காமல் எப்படி வாசிப்பார்? கமகம் என்பது பாதி அந்த இழுப்பில்தான் இருக்கிறது. இன்றைய மலிவுப் பிரதிகளில் பல ஒன்பதரை அங்குல ஆரத்தோடு வருகின்றன; சற்றுத் தட்டையானவை, இழுத்தால் ஒலி நீடிப்பவை. வீணையின் மெட்டுக்கு ஒப்பான ஃபிரெட்டுகளும் அப்படியே. பழையவற்றில் மெல்லியவை, தாழ்ந்தவை. புதியவற்றில் சற்று உயரமானவை, விரலுக்குத் தந்தியின்மீது பிடி கொடுப்பவை. சேகரிப்பாளரின் பார்வையில் ‘வரலாற்றுப் பிழை’ என்று தோன்றும் இந்த மாற்றங்கள்தான் தங்கவயல் இளைஞருக்கு அசலைவிடப் பிரதியை உகந்ததாக்குகின்றன. விற்பனைத் தாளில் இந்த எண்ணைத் தேடிப் படிக்க வேண்டும். உடலின் வண்ணத்தைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்து, கழுத்தின் ஓரத்தில் மேலும் கீழுமாக விரலை ஓட்டிப் பார்ப்பது. கடலோர ஈரத்தில் செய்து, தக்காணப் பீடபூமியின் வறண்ட கோடைக்கு வந்து சேரும் மரம் சுருங்கும். உலோக ஃபிரெட்டின் முனைகள் சுருங்காமல் வெளியே துருத்திக் கையைக் கீறும். இது பெருங்குறையல்ல, அரத்தால் இழைத்துச் சரிசெய்யக்கூடியது. ஆனால் அதற்கான கூலியை விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும் எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. பழைய இந்தியக் கிதார்கள் கையில் கிடைப்பவருக்கும் இதே சோதனைதான். தாராளமயமாக்கலுக்கு முன் வெளிநாட்டுக் கருவி எட்டாக்கனியாக இருந்த காலத்தில் கல்கத்தாவின் கிப்டோனும் கிவ்சனும்தான் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குக் கிதார் என்றால் என்னவென்று காட்டின. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘ஸ்குவயர் 2’ என்ற பெயரில் ஃபெண்டரின் மலிவுக் கிதார்கள் இந்தியாவிலும் செய்யப்பட்டன. இவற்றில் ஒன்று நேரான கழுத்தோடு எவர் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், பொய்த்தேய்மானக் கிதாரைவிட அது நூறு மடங்கு மேல்.

மூன்றாவது மின்சாரம். இதில் தங்கவயலுக்கு மூத்த உரிமை உண்டு. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்து சேர்ந்தது இந்தச் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தது 1905இல். ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையைப் பிடித்து முனகும். இது அவற்றின் பிறவிக் குணம், அதற்கு மருந்தாகத்தான் கிப்சனில் சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார். பழைய குடியிருப்புகளில் எர்த் இணைப்பு ஒழுங்காக இல்லாவிட்டால் முனகல் இரைச்சலாகும். தந்தியைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கவும் செய்யும். பழைய ஒலிதான் வேண்டும் என்று ஒற்றைச் சுருளைத் தேர்ந்தெடுப்பவர் மின்பணியாளர் ஒருவரை அழைத்து எர்த்தைச் சரிபார்ப்பதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். அதைச் செய்ய இயலாத வீட்டில் இரட்டைச் சுருளே புத்தி. எந்தக் கிதார் விமர்சனத்திலும் இந்த வாக்கியம் வருவதில்லை. விமர்சகர்களின் வீடுகளில் எர்த் இருக்கிறது.

ஒலிபெருக்கிக்கும் பங்கு உண்டு. கிதாருக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு மிச்சத்தில் ஒரு தகரப்பெட்டியை வாங்குபவர்கள் பிறகு கிதாரைக் குறைசொல்கிறார்கள். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது ஒலிபெருக்கிக்கு வைத்துக்கொண்டு, அதற்கேற்பக் கிதாரின் விலையைக் குறைத்துக்கொள்வதே முறை. தந்தியின் உயரத்தையும் கழுத்தின் வளைவையும் நேர்செய்யும் செட்டப் வேலைக்கும் ஒரு சிறு தொகை வேண்டும்; அந்த வேலை முடிந்த மலிவுக் கிதார், முடியாத விலையுயர்ந்த கிதாரைத் தோற்கடிப்பதை எந்தக் கடையிலும் அரை மணி நேரத்தில் காதால் சரிபார்க்கலாம். அதைக் கடைக்காரர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டும்.

உருவத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. லெஸ் பால் வகைக் கிதார்களின் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்தது. கீழே விழுந்தால் கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் முறியும், பசை வைத்து ஒட்ட வேண்டும். டெலிகாஸ்டர் வகையின் தலை நேரானது, எளிதில் முறிவதில்லை. பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் திரும்பும் வண்டியில் மாலை நேரத்தில் கிதார்ப் பையோடு ஏறுபவர் அதை மேல்தட்டில் வைக்காமல் கால்களுக்கிடையில் நிறுத்திக்கொள்வது நல்லது. பங்காருபேட்டையில் கூட்டம் இறங்கும்போது யாராவது இடித்துக் கழுத்து சேதப்பட்டாலும், நான்கு திருகாணிகளைக் கழற்றி வேறு கழுத்து மாட்டிவிடலாம். 1950இல் அதற்காகத்தான் அதை அப்படிச் செய்தார்கள்.